மன வைத்தியமும் ஜாதியும்

மனம் நொந்தவர்களுக்கு வைத்தியம் செய்வது என்கின்ற காரியத்தைப் பற்றி நமது இயக்கத்தார் அதிகமாகப் பேசினதில்லை. பேய் ஓட்டுகின்றவனையும், மந்திரிக்கின்றவனையும், தாயத்துக் கட்டுகின்றவனையும் கண்டித்திருக்கின்றோம். 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றி எரிந்தபோது, சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்களே, அதையும் மேடைதோறும் எடுத்துச் சொன்னோம். தர்காவாய் இருந்தாலென்ன, கோவிலாய் இருந்தாலென்ன, மாதா சந்நிதியாய் இருந்தாலென்ன, நோயாளியைக் கட்டிப் போட்டுவிட்டுத் தெய்வத்தின் மேல் பாரத்தைப் போடுகின்ற புத்தி ஒன்றேதான். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சொன்னோம். சொன்னது சரியே. சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டமும் சொல்லிவிட்டது.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனவனிடம் அங்கே என்ன கேட்கப்படுகின்றது, என்ன கேட்கப்படாமல் விடப்படுகின்றது என்பதை நாம் விசாரித்தோமா? இல்லை என்றுதான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

ஒரு உதாரணம் சொல்லுகின்றோம். சேரியிலிருந்து முதன்முதலாகப் பட்டணத்துக் கல்லூரிக்குப் போன ஒரு வாலிபன் இருக்கின்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் மன வைத்தியரிடம் போய், "எல்லோரும் என்னையே பார்க்கின்றார்கள், என்னைப் பற்றியே பேசுகின்றார்கள், சாப்பிடப் பிடிக்கவில்லை, தூக்கம் வரவில்லை" என்கின்றான். வைத்தியர் "சந்தேக நோய்" என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகின்றார். அது நோயாகவும் இருக்கலாம். இல்லையென்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் அந்த விடுதியில் அவனைப் பார்த்து உண்மையிலேயே பேசுகின்றார்களா, "உனக்கு எத்தனையாவது ராங்க்?" என்று கேட்டுச் சிரிக்கின்றார்களா, அவன் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் எழுந்து போகின்றானா என்று கேட்காமலேயே அதை நோய் என்று தீர்மானிக்க அவருக்கு என்ன ஆதாரம்? டில்லி எய்ம்ஸ் வைத்தியக் கல்லூரியிலேயே தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் ஒதுக்கி நடத்தப்படுகின்றார்கள் என்று பேராசிரியர் தோரட் தலைமையில் அமைந்த கமிட்டி 2007-ல் அறிக்கை கொடுத்திருக்கின்றது. வைத்தியர்களைத் தயார் செய்கின்ற இடத்தின் லட்சணமே அதுவானால், அப்படிப்பட்ட இடங்களில் படித்து வருகின்றவர் அதைக் கேட்க மறந்துபோவதில் ஆச்சரியம் என்ன?

கேட்டால் என்ன பதில் வருகின்றது? "நான் ஜாதி பார்ப்பதில்லை; என் முன்னால் எல்லா நோயாளியும் ஒன்றுதான்" என்கின்றார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றது. ஆனால் இருமிக்கொண்டு வந்தவனிடம், "கல் குவாரியில் வேலை செய்தாயா, பஞ்சாலையில் வேலை செய்தாயா?" என்று மார்பு வைத்தியர் கேட்கின்றாரா இல்லையா? "நான் தொழில் பார்ப்பதில்லை, எல்லோருடைய நெஞ்சும் எனக்கு ஒன்றுதான்" என்று அவர் சொன்னால் அவரிடம் யாராவது போவார்களா? நெஞ்சுக்குள் தூசி போவதைப் போலவே மனத்துக்குள் அவமானம் போகின்றது. எந்தக் குவாரியிலிருந்து வருகின்றான் என்று கேட்காதவர் பாதி வைத்தியரே ஆவார்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. "நடந்ததை ஏற்றுக்கொள், மன்னித்துவிடு, கோபத்தை விட்டுவிடு, மூச்சை இழுத்து விடு" என்கின்ற உபதேசம். மூச்சை இழுத்து விடுவதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. தூக்கம் வந்தால் நல்லதுதான். ஆனால் அடிபட்டவனைப் பார்த்து "ஏற்றுக்கொள்" என்று சொல்லுவது நம் ஜனங்களுக்குப் புதிதா? "போன ஜன்மத்து வினை, பொறுத்துக்கொள்" என்று புரோகிதன் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவன் தட்சணை வாங்கினான், இவர் மணிக்கு இவ்வளவு என்று பீஸ் வாங்குகின்றார் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை.

ஆதிக்கக்காரனுக்குப் பிடிக்காததை வியாதி என்று பெயரிடுவது வைத்திய சாஸ்திரத்தில் பழைய வழக்கம். 1851-ல் அமெரிக்காவில் கார்ட்ரைட் என்கின்ற ஒரு டாக்டர், அடிமைகள் எஜமானிடமிருந்து ஓடிப்போவது ஒரு மனோவியாதி என்று அதற்குக் கிரேக்க பாஷையில் பெயர் வைத்து, அதற்குச் சவுக்கடியையும் மருந்தாகச் சிபாரிசு செய்து எழுதினார். ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் விரும்புவதை அமெரிக்க மன வைத்தியர் சங்கத்தார் 1973 வரையில் வியாதிப் பட்டியலில் வைத்திருந்தார்கள். நம் நாட்டில் அதை "மாற்றிக் காட்டுகின்றோம்" என்று சொல்லிப் பணம் பறித்ததைச் சென்னை ஹைக்கோர்ட்டு 2021-ல்தான் தடுத்தது. அந்தத் தீர்ப்பில் நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், தமக்கு இவ்விஷயம் சரியாகத் தெரியாது, தமக்கும் தப்பெண்ணங்கள் உண்டு என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, ஒரு மனோதத்துவ நிபுணரிடம் தாமே போய் உட்கார்ந்து பாடம் கேட்டு, பிறகு தீர்ப்புச் சொன்னார் என்பதாகும். ஒரு ஹைக்கோர்ட்டு நீதிபதிக்குக் கவுரவக் குறைவாகத் தோன்றாதது மன வைத்தியர்களுக்குத் தோன்ற நியாயமில்லை.

வைத்தியரிலும் அப்படிப்பட்டவர் இருந்திருக்கின்றார். மார்த்தினிக் தீவில் பிறந்த கருப்பு டாக்டரான பிரான்ஸ் பனோன் என்பவர் 1953-ல் அல்ஜீரியாவில் பிளிடா ஆஸ்பத்திரியில் மன வைத்தியராய் வேலைக்குச் சேர்ந்தார். பிரான்சு தேசத்தில் கற்றுக்கொண்ட முறைகளை அங்கே நடத்திப் பார்த்தார். ஐரோப்பியப் பெண்கள் இருந்த வார்டில் பலன் தெரிந்தது; அல்ஜீரிய ஆண்கள் வார்டில் ஒன்றும் நடக்கவில்லை. வேறொருவராய் இருந்தால் "இந்த ஜனங்களுக்குப் புத்தி போதாது" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். அப்படி எழுதிய வெள்ளைக்கார டாக்டர்களும் அங்கே இருந்தார்கள். பனோன், தப்பு நோயாளிகளிடம் இல்லை, தம்மிடமே இருக்கின்றது என்று எழுதினார். பிறகு அவர்கள் ஊரில் உள்ளதைப் போல ஒரு காப்பிக் கடையையும், கதை சொல்லுகின்றவனையும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே கொண்டுவந்தார். மதப் பண்டிகைகளையும் சேர்த்துக் கொண்டாடினார். அது நமக்கு அவ்வளவாகப் பிடித்த காரியம் அல்ல என்றாலும், நோயாளியை அவன் இருக்கின்ற இடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பதை மறுக்க முடியாது. 1956-ல், ஒரு ஜனசமூகத்தையே சொந்த நாட்டில் அன்னியர்களாக வைத்திருக்கும் ஆட்சியின் கீழ் மன வைத்தியம் செய்வதில் அர்த்தமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டார்.

நம் டாக்டர்களை வேலையை விடும்படி நாம் சொல்லவில்லை. இந்தியாவில் லட்சம் ஜனங்களுக்கு ஒரு மன வைத்தியர்கூட இல்லை. இருப்பவரும் போய்விட்டால் மறுபடியும் பூசாரிதான் வருவான். கேட்கத் தெரிந்து கேளுங்கள் என்கின்றோம். வந்தவன் சொல்லுவதை முதலில் நம்புங்கள். அவனுடைய ஜாதியைக் கட்டாயப்படுத்திக் கேட்காமல், அவனாகச் சொல்லும்படி இடம் கொடுங்கள். உங்கள் அறையில் மாட்டியிருக்கும் படமும், உங்கள் பெயருக்குப் பின்னால் இருக்கும் வாலும் அவனிடம் நீங்கள் பேசுவதற்கு முன்பே பேசிவிடுகின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜாதி என்றால் என்ன என்று அவனிடமே பாடம் கேட்காமல் நீங்களே படித்துக்கொண்டு வாருங்கள். அவனுடைய கோபத்தை வியாதியாக எண்ணாதீர்கள். அது அவனிடத்தில் மிச்சமிருக்கின்ற ஆரோக்கியமாகவும் இருக்கலாம்.

அதிலும் ஜாதி விட்டுக் கலியாணம் செய்துகொண்ட பெண்கள் விஷயத்தில் வெகு ஜாக்கிரதை வேண்டும். தாய் தகப்பனைப் பிரிந்த துக்கத்தில் ஒரு பெண் வந்து அழுதால், "வீட்டாரோடு சமாதானமாய்ப் போ, நான் வேண்டுமானால் உன் தகப்பனாரோடு பேசுகின்றேன்" என்று சொல்லுவது மற்ற இடத்தில் நல்ல புத்திமதியாக இருக்கலாம். 2016 மார்ச்சு 13-ந் தேதி உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மனைவியின் கண்ணெதிரில் சங்கர் வெட்டப்பட்டதைக் கண்ட நாட்டில் அந்தப் புத்திமதி ஒரு உயிரைக் கொண்டுபோய்விடும். அவள் எங்கே குடியிருக்கின்றாள் என்பது வைத்தியரின் வாயிலிருந்து வெளியே போகக்கூடாது.

இனி, நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஜாதி ஒழிந்தால் இந்த வியாதியெல்லாம் தானே ஒழியும், மன வைத்தியம் பணக்காரர் விளையாட்டு" என்று நம் தோழர்களில் சிலர் சொல்லுகின்றார்கள். வாந்திபேதி ஒழிய ஊருக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்பது வாஸ்தவமே. அதற்காக இன்றைக்குப் பாயில் கிடப்பவனுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுக்காமல் இருப்போமா? ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17-ந் தேதி ஐதராபாத்தில் இறந்த பிறகு நாம் ஊர்வலம் போனோம், கண்டனக் கூட்டம் போட்டோம். எல்லாம் அவசியமானவையே. ஆனால் விடுதியிலிருந்து நீக்கப்பட்டு வெளியில் படுத்திருந்த காலத்தில் அப்படிப்பட்ட ஒரு வாலிபன் நம்மிடம் வந்து, "எனக்கு உயிரோடிருக்கப் பிடிக்கவில்லை" என்று சொல்லியிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? "சுயமரியாதைக்காரன் கலங்கலாமா?" என்றுதான் நம்மில் பலர் சொல்லியிருப்பார்கள். அது தைரியம் கொடுப்பதாகாது, வாயை அடைப்பதாகும்.

அப்படிச் சொல்லுகின்றவனைத் தனியாக விடக்கூடாது. இரவானாலும் 14416 என்கின்ற எண்ணுக்குப் போன் செய்தால் சர்க்கார் செலவில் பேசுவார்கள். உயிரை விட முயன்று தப்பியவர்களைப் போலீசுக்குப் பயந்து வீட்டிலேயே ஒளித்து வைக்கின்றார்கள். 2017-ம் வருஷத்துச் சட்டப்படி அவர்கள் கடும் மன வேதனையில் இருந்ததாகவே எடுத்துக்கொள்ளப்பட்டு, தண்டனை இல்லாமல் சிகிச்சை கொடுக்கப்பட வேண்டும். அதே சட்டத்தில், ஜாதியையோ, மதத்தையோ, ஆண் பெண் என்பதையோ, பால் விருப்பத்தையோ கொண்டு சிகிச்சையில் பேதம் காட்டக்கூடாது என்று 18-வது பிரிவில் எழுதியிருக்கின்றது. எழுதினதோடு சரி; பேதம் காட்டாமல் இருக்க டாக்டருக்கு யார் கற்றுக்கொடுப்பது என்று அதில் இல்லை.

ஆகவே அடுத்த ஜில்லா மகாநாட்டில் கீழ்க்கண்டபடி ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கின்றோம். கல்லூரிகளிலும் விடுதிகளிலும் கவுன்சிலிங் செய்கின்றவர்கள் பிரின்சிபாலுக்கோ வார்டனுக்கோ கீழ்ப்பட்டவர்களாய் இல்லாமல், மாணவன் சொன்னதை அவர்களிடம் போய்ச் சொல்லாதவர்களாய் இருக்க வேண்டும். அந்த வேலைக்குத் தாழ்த்தப்பட்ட, பழங்குடி ஜாதிகளில் பிறந்தவர்கள் தாராளமாக நியமிக்கப்பட வேண்டும். மன வைத்தியப் படிப்பில் ஜாதிக் கொடுமையைப் பற்றிய பாடம் பரீட்சையோடு வைக்கப்பட வேண்டும். ஜில்லா ஆஸ்பத்திரியில் மன வைத்தியர் பார்க்கும் நேரம் கூலிக்காரர்கள் வேலை முடித்து வரத்தக்க சாயங்கால வேளையிலும் இருக்க வேண்டும். திருத்தம் சொல்ல விரும்புகின்ற தோழர்கள், முக்கியமாக விடுதிகளில் இருக்கும் மாணவத் தோழர்கள், நமக்கு எழுத வேண்டுகின்றோம். பெயர் போட வேண்டியதில்லை.