குறுக்குப் பெருக்கம்: மார்க் வருகிறது, அர்த்தம் வருகிறதா?

பிளஸ் டூ கணக்கில் புரியாமலேயே முழு மார்க் வாங்கக்கூடிய பகுதி ஒன்று உண்டென்றால் அது வெக்டர்களின் குறுக்குப் பெருக்கம்தான். முதல் வரிசையில் ஐ, ஜே, கே. கீழே இரண்டு வரிசை எண்கள். அணிக்கோவையை விரித்தால் விடை ரெடி! ஆனால் அந்த விடை எதைச் சொல்கிறது என்று கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடும்.

இத்தனைக்கும் இது கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம் அல்ல. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லாரிகள் வந்து நிற்கும் இடங்களில் தினமும் நடப்பதுதான். சக்கரத்து நட்டு இறுகிவிட்டால் மெக்கானிக் என்ன செய்கிறார்? ஸ்பேனர் பிடியில் ஒரு இரும்புப் பைப்பைச் செருகி நீளத்தைக் கூட்டுகிறார். அரை மீட்டர் ஸ்பேனரில் 200 நியூட்டன் விசையைச் செங்குத்தாகக் கொடுத்தால் திருப்புத்திறன் 100 நியூட்டன் மீட்டர். பைப் போட்டு ஒரு மீட்டராக்கினால் 200. அதே அரை மீட்டரில் 30 டிகிரி சாய்வாக அழுத்தினால் வெறும் 50தான். நீளம், விசை, கோணத்தின் சைன் மதிப்பு மூன்றையும் பெருக்குவதுதான் குறுக்குப் பெருக்கத்தின் அளவு.

சரி, திசை? வலது கை விரல்களை நட்டு சுழலும் பக்கமாக மடக்கினால் கட்டைவிரல் காட்டுவதுதான் திசை. வழக்கமான வலப்புரி நட்டு என்றால் அது நகரும் திசையும் அதுவே. கழற்றும்போது வெளியே, முடுக்கும்போது உள்ளே. வெக்டர்களின் வரிசையை மாற்றினால் குறி ஏன் மாறுகிறது என்பதும் இதிலேயே விளங்கும்.

இனி கணக்கு. (2, 3, 1), (1, −1, 2) என்று இரு வெக்டர்கள். முதல் எண்: 3×2 − 1×(−1) = 7. இரண்டாவது: 1×1 − 2×2 = −3. மூன்றாவது: 2×(−1) − 3×1 = −5. விடை (7, −3, −5). பலரும் சறுக்குவது நடு எண்ணின் குறியில். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. விடை இரண்டு வெக்டருக்கும் செங்குத்தாக இருக்க வேண்டும், அதாவது புள்ளிப் பெருக்கம் பூஜ்யம். 14 − 9 − 5 = 0. 7 + 3 − 10 = 0. முடிந்தது. நடுவில் −3க்குப் பதில் 3 போட்டிருந்தால் முதலாவதே 18 என்று வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"பரீட்சையில் இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்பார்கள். அரை நிமிடம் கூட ஆகாது. ஆனால் செங்குத்து என்ற அர்த்தம் தெரிந்தவருக்கு மட்டுமே இந்தச் சோதனை தோன்றும்.

1843ல் டப்ளினில் ஹாமில்டன் கண்டுபிடித்த குவாட்டர்னியன் பெருக்கலுக்குள் புள்ளிப் பெருக்கமும் குறுக்குப் பெருக்கமும் கலந்தே கிடந்தன. இயற்பியலுக்கு எது எதற்குத் தேவை என்று பார்த்து இரண்டையும் தனித்தனியே பிரித்தவர்கள் 1880களில் கிப்ஸும் ஹெவிசைடும். தேவையில் பிறந்த ஒன்றைத் தேவையைச் சொல்லாமல் கற்பிப்பது என்ன நியாயம்? முதல் வகுப்பில் ஸ்பேனர், இரண்டாம் வகுப்பில் அணிக்கோவை என்று வரிசையை மாற்றினாலே போதும். குறுக்குப் பெருக்கத்தில் மட்டுமல்ல, பாடம் நடத்துவதிலும் வரிசை மாறினால் விடை மாறும்!