“டீமை வித்துட்டுப் போ!” டெட்ராய்ட் ரசிகர்கள் கொதித்தது ஏன்?

காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, கடுங்குளிரில் கார் ஓட்டி வந்து உட்கார்ந்தால் தோல்வி. அடுத்த ஆட்டத்துக்கு வந்தால் மறுபடியும் தோல்வி. ஒன்றல்ல, இரண்டல்ல. தொடர்ந்து 28 ஆட்டம்!

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து பாஸ்கட்பால் ரசிகர்களுக்கு 2023-ம் ஆண்டு கடைசியில் நேர்ந்த கதி இது.

அந்த ஊர் டீமின் பெயர் பிஸ்டன்ஸ். எஞ்சினுக்குள் மேலும் கீழும் ஓடுமே, அதே பிஸ்டன்தான். டீமை ஆரம்பித்தவர் பிஸ்டன் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவர். 1957-ல் டீம் டெட்ராய்ட்டுக்குக் குடிவந்தது. கார் செய்யும் ஊர். பெயர் தானாகப் பொருந்திக்கொண்டது. 1989, 1990, 2004 என்று மூன்று முறை சாம்பியன். அப்பேர்ப்பட்ட டீம்!

2023 அக்டோபரில் சீசன் தொடங்கியபோது முதல் மூன்று ஆட்டத்தில் இரண்டு வெற்றி. “பரவாயில்லையே, இந்த வருஷம் தேறிடும்” என்று நினைத்தவர்கள் உண்டு. அத்தோடு சரி. அக்டோபர் 30-ல் தோற்றார்கள். நவம்பர் முழுக்கத் தோற்றார்கள். டிசம்பர் 21-ல் சொந்த அரங்கிலேயே 25-வது தோல்வி.

ரசிகர்கள் பொறுமை இழந்தனர். “டீமை வித்துடு! டீமை வித்துடு!” என்று கோஷம் கிளம்பியது. ஓடி ஓடிக் களைத்த ஆட்டக்காரர்களுக்கு அல்ல, மேலே இருக்கும் முதலாளிக்குப் போட்ட கோஷம் அது.

முதலாளி பெயர் டாம் கோர்ஸ். நலிந்த கம்பெனிகளை வாங்கி, சரிசெய்து, விற்றுப் பணம் பண்ணியவர். 2011-ல் 32½ கோடி டாலருக்கு பிஸ்டன்ஸை வாங்கினார். ரசிகர்களின் கோஷம் பற்றி நிருபர்கள் கேட்டபோது, அதெல்லாம் அபத்தம் என்று ஒதுக்கிவிட்டார்.

அபத்தமா?

கணக்கைப் பார்த்தால் தெரியும். அவர் வாங்கிய பிறகு நடந்த 12 சீசனில் டீம் ‘பிளே ஆஃப்’ சுற்றுக்குப் போனது இரண்டே தடவை. 2016-ல் நாலு ஆட்டமும் தோல்வி. 2019-ல் நாலு ஆட்டமும் தோல்வி. மொத்த வெற்றி பூஜ்யம். கம்பெனிகளைத் தூக்கி நிறுத்தத் தெரிந்தவருக்கு டீமை நிறுத்தத் தெரியவில்லை.

2020-ல் டிராய் வீவர் என்பவரை பொது மானேஜராகப் போட்டார்கள். இளைஞர்களை வைத்துப் புதிதாகக் கட்டுவோம் என்றார்கள். 2021-ல் கேட் கன்னிங்ஹாம் என்ற நல்ல பையன் கிடைத்தான். ஆனால் அவனைச் சுற்றி யாரை நிறுத்தினார்கள் என்பதில்தான் கோளாறு. மார்வின் பேக்லி, ஜேம்ஸ் வைஸ்மன் என்று வேறு டீம்கள் வேண்டாமென்று விட்டவர்களை, ஒரு காலத்துப் பேரை நம்பி வாங்கிப் போட்டார்கள். தூரத்தில் நின்று கூடைக்குள் பந்து எறிய ஆள் போதவில்லை. எறிய ஆள் இல்லாவிட்டால் எதிராளிக்கு வேலை சுலபம்: இரண்டு மூன்று பேராகக் கன்னிங்ஹாமை வளைத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 26-ல் புரூக்ளின் டீமுக்கு எதிராக அந்தப் பையன் ஒற்றை ஆளாக 41 புள்ளி எடுத்தான். அப்படியும் 118-112 என்று தோல்வி. அது 27-வது. ஒரே சீசனில் இத்தனை தொடர்தோல்வி அதுவரை எந்த டீமும் கண்டதில்லை.

இதில் கோச் கதை தனி. அந்த ஆண்டு ஜூனில்தான் மான்ட்டி வில்லியம்ஸை ஆறு வருஷத்துக்கு 7 கோடியே 85 லட்சம் டாலர் பேசி அழைத்து வந்தார்கள். அன்றைய தேதியில் வேறெந்த கோச்சுக்கும் அவ்வளவு தொகை பேசியதில்லை. பெரிய சம்பளம், பெரிய பேர். பலன்? 82 ஆட்டத்தில் 14 வெற்றி, 68 தோல்வி. டீமின் சரித்திரத்திலேயே படுமோசம்.

தோற்றாலும் லாபம்!

ரசிகர்களுக்கு வயிறு எரிவதற்கு இன்னொரு காரணம் உண்டு. இங்கிலாந்து கால்பந்து லீக்கில் கடைசி மூன்று இடம் வந்தால் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். முதலாளி பதறுவார். அமெரிக்காவில் அந்தப் பயமே கிடையாது. டெலிவிஷன் பணம் ஜெயித்தவனுக்கும் தோற்றவனுக்கும் சமமாகப் பங்காகிறது. 2024-ல் போட்ட டெலிவிஷன் ஒப்பந்தம் மட்டும் 11 வருஷத்துக்கு சுமார் 7,600 கோடி டாலர். 32½ கோடிக்கு வாங்கிய டீம் 2023-ல் 300 கோடி டாலருக்கு மேல் மதிக்கப்பட்டது. தோற்கத் தோற்க விலை ஏறுகிற சரக்கு! பின்னே எப்படி விற்பார்?

விற்கவில்லை என்பது மட்டுமல்ல. 2024-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் சார்ஜர்ஸ் என்ற கால்பந்து டீமில் நூற்றுக்கு 27 பங்கும் அவர் வாங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது. (அமெரிக்கர்கள் கால்பந்து என்பது கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். அது வேறு விஷயம்.)

கடைசி இடம் வந்தால் புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பதில் முதல் வாய்ப்பு கிடைக்கும், அதற்காகத் தோற்றாலும் நல்லதுதான் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். அதிலும் மண். இப்போது அது குலுக்கல். கடைசி மூன்று டீமுக்கும் முதல் இடம் கிடைக்க நூற்றுக்கு 14 வாய்ப்புதான். 2023-ல் பிஸ்டன்ஸ் கடைசி இடம். குலுக்கலில் கிடைத்தது 5-வது. 2024-லும் கடைசி இடம்; மறுபடியும் 5-வது. கடைசி வந்த டீமுக்கு இதைவிடக் கீழே போக முடியாது.

அதே பையன்கள்தான்

ஆட்டக்காரர்களே சரியில்லை என்று அப்போது சொன்னவர்களும் உண்டு. அடுத்த வருஷம் அதற்குப் பதில் கிடைத்தது.

2024 மே மாதம் டிராஜன் லாங்டன் என்பவரை மேலே உட்கார வைத்தார்கள். அதையொட்டி வீவர் வெளியேறினார். ஜூனில் வில்லியம்ஸையும் அனுப்பினார்கள். அவருக்குப் பாக்கி சுமார் 6½ கோடி டாலர்! ஜே.பி.பிக்கர்ஸ்டாஃப் கோச்சாக வந்தார். தூரத்திலிருந்து எறியத் தெரிந்த அனுபவசாலிகளாக டோபையஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே என்று மூன்று பேரைச் சேர்த்தார்கள். பீஸ்லி ஒருவரே அந்த சீசனில் 319 மூன்று புள்ளி ‘ஷாட்’ போட்டார்.

மற்றபடி டீமின் நடுநாயகம் அதே கன்னிங்ஹாம். கூட ஆடியவர்களில் பலர் அதே பழைய பையன்கள். 14 வெற்றி, ஒரே வருஷத்தில் 44 ஆனது. 2023 டிசம்பரில் அரங்கில் உட்கார்ந்து கத்தியவனுக்குத் தெரிந்திருந்த விஷயம் மானேஜ்மெண்டுக்குப் புரிய 68 தோல்வி தேவைப்பட்டது.

2025 ஏப்ரல் 21-ல் நியூயார்க் நிக்ஸை அவர்கள் ஊரிலேயே 100-94 என்று சாய்த்தார்கள். 2008-க்குப் பிறகு பிளே ஆஃப் சுற்றில் கிடைத்த முதல் வெற்றி. அந்தத் தொடரை 4-2 என்று இழந்தது வேறு விஷயம். சொந்த ஊரில் நடந்த நாலாவது ஆட்டத்தில் ஒரே புள்ளியில், 94-93 என்று தோல்வி. கடைசி நொடியில் ஹார்டவே பந்தை எறியும்போது எதிராளி மோதியது ஃபவுல்தான், விசில் ஊதியிருக்க வேண்டும் என்று நடுவரே பிறகு ஒப்புக்கொண்டார். டெட்ராய்ட் ரசிகர்களின் கோபம் அன்றைக்கு முதலாளி மேல் இல்லை, நடுவர் மேல்.