விடைப் பக்கம் இல்லாத வினா



1, 6, 7, 8. இந்த நான்கு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? பள்ளி அறிவியல் நூலைப் படித்தவர்கள் சற்று யோசித்தால் சொல்லிவிடுவார்கள். ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய தனிமங்களின் அணு எண்கள் இவை. உங்கள் எல்லோருக்கும் தெரிந்த இந்தச் செய்தியை உள்ளே ஒளித்து வைத்திருந்த புதிர் ஒன்று, உலகெங்கும் ஆயிரக்கணக்கானோரை ஓராண்டுக் காலம் திணற வைத்தது.

2023-ஆம் ஆண்டு மே 24 அன்று, செவ்வாய்க் கோளைச் சுற்றி வரும் ஐரோப்பிய விண்கலம் ஒன்று பூமியை நோக்கி ஒரு செய்தியை அனுப்பியது. 16 நிமிடங்களில் அது இங்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் உள்ள ரேடியோ தொலைநோக்கிகள் அதைப் பதிவு செய்தன. செய்தியை உருவாக்கியவர்கள் வேற்றுலகத்தார் அல்லர், மனிதர்களே. டேனியலா டி பாலிஸ் என்னும் கலைஞரும் அவரது குழுவினரும் நடத்திய ஒத்திகை இது. வேற்றுலகத்திலிருந்து உண்மையாகவே ஒரு செய்தி வந்தால் நாம் அதை எப்படிப் படிப்போம் என்று பார்ப்பதே நோக்கம். பதிவான அலைகளை அப்படியே பொதுமக்கள் முன் வைத்தார்கள். குறிப்பு எதுவும் தரவில்லை.

இணையத்தின் வழியே கூடிய ஆர்வலர்கள் பத்து நாட்களில் அலைகளுக்குள் இருந்த செய்தியைப் பிரித்தெடுத்துவிட்டனர். ஆனால் கையில் கிடைத்தது கரிய பரப்பில் சில வெண்புள்ளிக் கூட்டங்கள்தாம். அவற்றின் பொருள் என்ன? ஊகங்கள் பல எழுந்தன, ஒவ்வொன்றாக விழுந்தன. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு தந்தையும் அவர் மகளும் விடையைக் கண்டனர். அந்தப் புள்ளிகள் அசையாத படம் அல்ல, ஒரு விதிப்படி இடம் பெயர வேண்டியவை என்று அவர்கள் கருதினர். கணிப்பொறியில் அவற்றை நகர விட்டு நாள்கணக்கில் சோதித்தனர். முடிவில் புள்ளிகள் ஒன்று, ஆறு, ஏழு, எட்டு என்ற கட்டங்களாகச் சேர்ந்து நின்றன. ஒவ்வொரு கட்டமும் ஓர் அணு! அணுக்கள் இணைந்து ஐந்து அமினோ அமிலங்களின் வடிவம் தெரிந்தது. உயிர்களின் புரதங்களைக் கட்டும் செங்கற்கள் அல்லவா அவை?

என் வகுப்பில் நடந்தது

இந்தச் செய்தியைப் படித்த சில நாட்களில், நான் பாடம் நடத்தும் முதலாண்டு வகுப்பில் இதுபோன்ற சிறிய புள்ளிப் புதிர் ஒன்றைக் கரும்பலகையில் வரைந்தேன். "இதன் பொருள் என்ன?" என்று கேட்டேன். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நல்ல மதிப்பெண் பெற்று வந்த பிள்ளைகள் அவர்கள். முதல் இருபது தனிமங்களை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "சார், இது எத்தனை மார்க் கேள்வி?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அடுத்து நான் செய்ததுதான் தவறு. பத்து நிமிடம்கூடப் பொறுக்காமல் நானே விடையை எழுதிவிட்டேன். அவர்கள் அதை ஏட்டில் குறித்துக்கொண்டார்கள். புதிர் அங்கேயே செத்துப்போயிற்று.

நம் மாணவர்களுக்கு அறிவு குறைவு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். விடை எங்கோ அச்சாகி இருக்கிறது, அதைத் தேடி எடுத்துத் தருவதே படிப்பு என்ற பழக்கத்தை நாங்கள் உங்களுக்கு ஊட்டிவிட்டோம். விடைப் பக்கமே இல்லாத வினா வந்தால் கை தளர்ந்துவிடுகிறது. அறிவியலோ அப்படிப்பட்ட வினாக்களிலிருந்துதான் வளர்கிறது.

27 ஆண்டுப் புதிர்

ஓர் எடுத்துக்காட்டு. 1868-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அன்று நம் கோயம்புத்தூரும் ஆந்திரத்துக் குண்டூரும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தன. குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சென்னும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வு நிலையத்தின் போக்சனும் நிறமாலைக் கருவிகளோடு காத்திருந்தனர். சூரியனின் விளிம்பில் எழுந்த தீக்கொழுந்துகளின் ஒளி, பளிச்சிடும் கோடுகளாகப் பிரிந்து தெரிந்தது. அவற்றில் ஒன்று மஞ்சள் கோடு.

மஞ்சள் என்றால் சோடியம் என்று விடைப் பக்கம் சொன்னது. சோடியத்தின் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளத்தில் விழும். அதே ஆண்டில் இங்கிலாந்தில் லாக்யர் என்பவர், கிரகணம் இல்லாமலே சூரிய விளிம்பை ஆராய்ந்து, புதிய கோடு அங்கு விழவில்லை என்று கண்டார். அதன் இடம் ஏறத்தாழ 587.6. வேறுபாடு வெறும் 1.4 நானோமீட்டர்! "அளவில் ஏதோ பிழை" என்று தள்ளிவிட்டிருக்கலாம். அவர் தள்ளவில்லை. பூமியில் எவரும் கண்டிராத தனிமம் சூரியனில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அதற்கு ஹீலியம் என்ற பெயர் வழங்கலாயிற்று. வேதியியலார் பலர் நம்பவில்லை. 1895-இல் யுரேனியம் அடங்கிய கனிமம் ஒன்றிலிருந்து வெளிவந்த வாயுவில் ராம்சே அதே மஞ்சள் கோட்டைக் கண்டார். 27 ஆண்டுகளுக்குப் பின் புதிர் அவிழ்ந்தது.

அந்த ஆண்டுகளில் எவரும் தனியாக உழைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவர் கண்டதை மற்றவருக்கு எழுதினார். கடிதங்கள் கப்பலில் போயின. இன்று இணையத்தில் கூடிப் புதிர் அவிழ்ப்பவர்கள் செய்வதும் அதுவே. வாகனம்தான் மாறியிருக்கிறது.

நம் ஊர்ப் பட்டறையில்

இந்தத் திறமை நமக்கு அந்நியமானதா? இல்லவே இல்லை. நம் ஊரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். எரிந்துபோன மோட்டார் ஒன்று வரும், பெயர்த்தகடுகூட இருக்காது. பட்டறைக்காரர் காயிலை அறுத்தெடுத்து எத்தனை சுற்று என்று எண்ணுவார். கம்பியின் கேஜ் பார்ப்பார். எத்தனை ஸ்லாட்டுகள், எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குக் கம்பி போகிறது என்று குறித்துக்கொள்வார். பிறகு, "இது இத்தனை குதிரைத்திறன் மோட்டார்" என்பார். எண்ணிக்கையிலிருந்து பொருளைக் கண்டுபிடிக்கும் அதே கலைதான் இது. உங்களில் பலருடைய தந்தையோ மாமாவோ நாள்தோறும் செய்யும் வேலை. வீட்டில் இருக்கும் இந்தப் பழக்கம் வகுப்பறை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றப்படுகிறதே என்பதுதான் என் வருத்தம்.

மதிப்பெண் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. தறி ஓட்டும் வீட்டிலிருந்தும் தோட்டம் பார்க்கும் வீட்டிலிருந்தும் வரும் பிள்ளைக்குக் கல்லூரிக் கதவைத் திறப்பது மதிப்பெண்தான். நானும் அந்தக் கதவு வழியே வந்தவனே. ஆனால் கதவைத் திறந்து உள்ளே வந்த பிறகு அங்கே என்ன செய்யப் போகிறோம்? அதற்கான பழக்கத்தை இப்போதே தொடங்க வேண்டும் என்கிறேன். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். நண்பர்கள் நாலைந்து பேர் கூடுங்கள். விடை தெரியாத ஒரு வினாவை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைத் தட்டி விடை கேட்காதீர்கள். தவறிய வழிகளையும் தனி ஏட்டில் எழுதி வையுங்கள். அந்தத் தந்தையும் மகளும் ஓராண்டில் எழுதிக் கிழித்த தவறுகள் எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

தொடங்குவதற்கு நானே ஒரு புதிர் தருகிறேன். தொலைதூரத்தில் உள்ள யாரோ ஒருவர் உங்களுக்கு அனுப்பிய செய்தி என்று கொள்ளுங்கள்:

7-7
8-8
18
8-6-8

இவை எவை? ஏன் இந்த வரிசையில் நிற்கின்றன? அனுப்பியவர் எதைப் பற்றிப் பேசுகிறார்? விடை காண நீங்கள் இருக்கும் அறையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. ஆனால் அடுத்த இதழில் விடையைத் தேடாதீர்கள். நான் எழுதப் போவதில்லை. என் வகுப்பில் செய்த தவறை இன்னொரு முறை செய்ய எனக்கு விருப்பமில்லை.