குழுமம் என்னும் சொல்லின் இரண்டு பொருள்கள்

தமிழில் 'குழுமம்' என்ற சொல் இன்று இரண்டு பொருள்களில் வழங்குகிறது. ஒரே உடைமையின் கீழ் இயங்கும் நிறுவனங்களின் தொகுப்பு 'டாடா குழுமம்' எனப்படுகிறது. ஒரே வட்டாரத்தில் அருகருகே இயங்கி, ஆட்களையும் அறிவையும் மூலப்பொருளையும் பகிர்ந்துகொள்ளும் பல தொழில்களின் கூட்டம் 'தொழிற்குழுமம்' எனப்படுகிறது. முன்னதை இணைப்பது உடைமை. பின்னதை இணைப்பது இடம். உயிரிப் பொருளாதாரம் குறித்து நம் நாட்டில் நடக்கும் பேச்சு இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறது என்பது என் கருத்து. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இந்தக் குழப்பத்தின் விலையைக் கொடுக்கப்போகிறவர்கள் உழவர்கள்.

2024 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை 'பயோ ஈ3' கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. பொருளாதாரம், சுற்றுச்சூழல், வேலைவாய்ப்பு ஆகிய மூன்றுக்கும் உயிரித் தொழில்நுட்பம் என்பதே அப்பெயரின் விரிவு. 2030க்குள் 30,000 கோடி டாலர் மதிப்பை எட்டுவது அரசின் இலக்கு. ஆனால் அந்தத் தொகையில் எவ்வளவு மூலப்பொருள் விளையும் ஊரிலேயே தங்கும் என்பதை இலக்கு சொல்வதில்லை. அதை அறிய ஓர் ஊரைப் பார்க்க வேண்டும்.

அசாமின் கோலாகாட் மாவட்டத்தில் உள்ள நுமாலிகரில், மூங்கிலிலிருந்து எத்தனால் வடிக்கும் ஆலை 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனமும் பின்லாந்து நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய திட்டம் இது. ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் டன் பச்சை மூங்கிலைக் கொண்டு 49,000 டன் எத்தனால் எடுப்பது திட்டம். பர்ஃபியூரல், அசெட்டிக் அமிலம் ஆகியவை உடன்விளைபொருள்கள். கரும்பையும் தானியத்தையும் போல இதற்கு உணவுப் பயிர் தேவையில்லை. வெட்டிய மூங்கில் கிழங்கிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. 2017இல் இந்திய வனச் சட்டம் திருத்தப்பட்டு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் 'மரம்' என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டது. அந்த ஒரு சொல் மாறியிராவிட்டால், கொல்லையில் வளர்ந்த மூங்கிலை வெட்டி ஆலைக்குக் கொண்டுசேர்ப்பதே உழவருக்குப் பெரும்பாடாக இருந்திருக்கும்.

இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. எனினும் அசாம் இதைப் போன்ற ஒன்றை முன்பே கண்டிருக்கிறது. இந்துஸ்தான் காகிதக் கழகத்தின் கச்சார், நகாவ் ஆலைகள் மூங்கிலைக் கூழாக்கிக் காகிதம் செய்தன. 2015இல் ஒன்றும் 2017இல் மற்றொன்றும் உற்பத்தியை நிறுத்தின. தொழிலாளர் வேலை இழந்தனர். மூங்கில் விற்றவர்கள் தங்கள் பெரிய கொள்முதலாளரை இழந்தனர். நகாவ் ஆலை இருந்த ஜாகிரோடு நிலத்தில் இப்போது டாடாவின் குறைகடத்தி ஆலை எழுகிறது. நல்லதே, ஆனால் அதற்கு மூங்கில் வேண்டியதில்லை. ஒரே ஆலையைச் சுற்றி ஆயிரம் விற்பனையாளர்கள் இருந்தால் அது தொழிற்குழுமம் ஆகிவிடாது; அதற்குச் சார்புநிலை என்று பெயர்.

அறிவின் நிலையும் இத்தகையதே. அசாமிய உழவர் வீட்டுத் தூணுக்குப் 'பலுகா'வையும் பின்னல் வேலைக்கு 'ஜாதி'யையும் தேர்ந்தெடுக்கிறார். ஆலையின் கணக்கில் இரண்டும் வெறும் டன். மிசோ மொழியில் 'மௌதாம்' என்றொரு சொல் உண்டு. மூங்கிலின் சாவு என்பது அதன் பொருள். ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை முளி மூங்கில் ஒருசேரப் பூத்து மடிகிறது. விதையைத் தின்று பெருகும் எலிகள் பின்னர் வயல்களை அழிக்கின்றன. 1959இல் வந்த பஞ்சத்தின்போது நிவாரணத்துக்காகத் தோன்றிய அமைப்பே மிசோ தேசிய முன்னணியாக மாறி, 1966இல் ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியது. ஒரே இன மூங்கிலை மட்டும் நம்பி மூலப்பொருள் திட்டம் வகுப்போர் படிக்க வேண்டிய எச்சரிக்கை அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. வட்டார மொழி அறியாத ஆய்வுக்கூடத்துக்கு அது எட்டாது.

எத்தனால் ஆலையைச் சிறிதாகக் கட்டினால் கட்டுப்படியாகாது என்று சிலர் வாதிடுவர். அது உண்மையே. ஆலை பெரிதாகவே இருக்கட்டும். அதைச் சுற்றி நாற்றங்கால்கள், சீவல் கூடங்கள், ஊதுவத்திக் குச்சி, அறைகலன், கரி செய்யும் சிறு தொழில்கள், அவற்றோடு உறவாடும் பல்கலைக்கழகத் துறைகள் ஆகியனவும் வளர வேண்டும். அவற்றுக்கான முதலீடு ஆலையின் முதலீட்டோடு சேர்த்தே திட்டமிடப்பட வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று விடப்படுபவை வருவதில்லை.

எனவே எந்த உயிரிப் பொருளாதாரக் குழுமத்தையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: நாளை அந்த ஆலை மூடப்பட்டால், வெட்டிய மூங்கிலோடு நிற்கும் உழவர் வேறு யாரிடம் போவார்? விடை இருந்தால் அது தொழிற்குழுமம். இல்லையேல் அது பெருநிறுவனமொன்றின் வெளிமுற்றம் மட்டுமே. வடகிழக்கில் களப்பணி செய்யும் நண்பர்கள் தாம் கண்டதை இங்கே எழுதினால் இவ்வுரையாடல் பயனுடையதாகும்.