மிச்சிக்கோ

1959ஆம் ஆண்டு ஏப்பிரில் 10ஆந் திகதி, யப்பானின் முடிக்குரிய இளவரசர் அக்கிஹித்தோ கோதுமை மா ஆலை அதிபர் ஒருவரின் மகளை மணந்தார். அரச குலத்திலோ பிரபு குலத்திலோ பிறவாத பெண்ணொருத்தி முடிக்குரிய இளவரசரின் பத்தினியானது அதுவே முதன்முறை. மணமகளின் பெயர் மிச்சிக்கோ. 1981இல் அவ்விருவரும் இலங்கைக்கு வந்து சென்றதை நம் மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அவர் பெயரை மூன்று சீன எழுத்துக்களால் எழுதுவர். முதலாவது அழகு, இரண்டாவது அறிவு, மூன்றாவது குழந்தை. ஆயினும் காதாற் கேட்ட மாத்திரத்தில் இப்பெயருக்குப் பொருள் சொல்லிவிட முடியாது. வேறொரு மிச்சிக்கோ தன் பெயரை 'வழி' என்னும் எழுத்தால் எழுதுவாள். அவள் நெறியின் குழந்தை. எனவேதான் பெயரைக் கேட்ட யப்பானியர் 'எந்த எழுத்து?' என்றும் வினவுகின்றனர்.

கடைசியில் நிற்கும் 'கோ'வுக்கு ஒரு நெடுங்கதை உண்டு. ஆதியில் அது பெண்களுக்கே உரியதன்று. 607ஆம் ஆண்டிற் சீனத்துக்குத் தூது சென்ற ஓனோ நோ இமோக்கோ ஓர் ஆண்மகன்! பிற்காலத்திலேதான் அது அரச குல, பிரபு குலப் பெண்டிரின் பெயர்களிற் குடிகொண்டது. குடியானவர் வீட்டுப் பெண்ணுக்கு ஹனா (பூ), ஹரு (இளவேனில்) போன்ற சிறு பெயர்களே வாய்த்தன. பிள்ளைகள் பெருகிய வீட்டிலோ தோமே என்றும் சூயே என்றும் பெயரிட்டனர். தோமே என்றால் நிறுத்து. சூயே என்றால் கடைசி. தன்னை அழைக்குந்தோறும் 'போதும்' என்பதையே கேட்டு வளர்ந்த சிறுமியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! (யப்பானியரைப் பழிக்க நமக்கு உரிமையில்லை, போதும்பொண்ணு என்று பெயரிட்டோர் தமிழகத்திலும் உளர்.)

1868இன் பின் பழைய குலப்படிகள் சரியத் தொடங்கின. கற்ற பெண்கள் தாமே 'கோ'வைச் சேர்த்துக்கொண்டனர். நாவலாசிரியை ஹிகுச்சி இச்சியோவின் இயற்பெயர் நத்சு. அவரோ நத்சுக்கோ என ஒப்பமிட்டதுண்டு. 1930ஆம் ஆண்டுகளில், நாடெங்கும் பெண்குழந்தைகளின் பெயர்களிற் பெரும்பாலானவை 'கோ'விலேயே முடிந்தன. 1934இற் பிறந்த மிச்சிக்கோவும் அக்காலத்துப் பிள்ளையே. ஆலை அதிபரின் மகள் அரண்மனை புகுமுன்னரே அவர் பெயர் அரண்மனைப் பெயராகிவிட்டது.

இன்றைய பெற்றோர் 'கோ'வைப் பழம்பாணியென்று பெரும்பாலும் ஒதுக்கிவிட்டனர். அரச குடும்பம் மட்டும் விடவில்லை. 2001இற் பிறந்த மிச்சிக்கோவின் பேர்த்திக்கு ஐக்கோ என்று பெயரிட்டனர். அதில் முதலெழுத்தின் பொருள் அன்பு.