புது மீனுக்கு முதலில வேண்டியது இருட்டு

எங்கட பக்கம் மீன் வளர்க்கிற ஆக்களிட்ட ஒரு வசனம் அடிக்கடி கேட்கலாம்: "மீன் எண்டா சாகும்தானே." நாய் செத்தால் அழுகிறம். பூனை செத்தால் வளவுக்குள்ள தாட்டுவிட்டு இரண்டு நாள் கவலைப்படுறம். மீன் செத்தால் வலையால அள்ளி எறிஞ்சுபோட்டு, அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய் அதே நிறத்தில இன்னொண்டு வாங்கிக்கொண்டு வாறம். மீனின் மலிவு விலை அதின் சாவையும் மலிவாக்கிவிட்டது.

ஆனால் வீட்டுத் தொட்டிகளில சாகிற மீன்களில கன மீன் விதி முடிஞ்சு சாகிறேல்லை. வீட்டுக்கு வந்த முதல் சில கிழமைகளில, நாங்கள் அதை வைச்சிருக்கிற விதத்தால சாகிறது. இந்தக் கட்டுரை அந்த முதல் நாலு கிழமையைப் பற்றியது. புது மீனைத் தனியாக வைக்கிற ஒரு சின்னத் தொட்டியைப் பற்றியது. முக்கியமாக, அந்தத் தொட்டிக்கு மேல நாங்கள் போடுற லைற்றைப் பற்றியது.

ஒரு மீன் உங்கட வீட்டுக்கு வர முதல் எத்தனை கை மாறுது எண்டு யோசியுங்கோ. வளர்ப்பவரின் சீமெந்துத் தொட்டி, மொத்த வியாபாரியின் தொட்டி, கடைக்காரரின் தொட்டி, கடைசியில உங்கட கையில இருக்கிற பொலித்தீன் பை. ஒவ்வொரு இடத்திலும் வேற தண்ணி, வேற நெருக்கம், பக்கத்தில வேற மீன்கள். இந்த அலைச்சலில மீனின் எதிர்ப்புச் சக்தி இறங்கும். அதே நேரம் ஒவ்வொரு தொட்டியிலும் இருந்த நோய்க்கிருமியைச் சந்திக்கிற வாய்ப்பும் கூடும். கடையில மினுக்கமாக நீந்தின மீன் மூன்றாம் நாள் மூலையில ஒதுங்கி நிற்கிறதுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

நாங்கள் என்ன செய்யிறம்? பையை வெட்டி, தண்ணியோட சேர்த்துப் பெரிய தொட்டிக்குள்ள ஊத்துறம். உடன லைற்றை முழு வெளிச்சத்தில போடுறம். நாலு பேர் சுத்தி நின்று போன்ல வீடியோ எடுக்கிறம். பெரிய தொட்டியில ஏற்கெனவே இருக்கிற பத்துப் பதினைஞ்சு மீனைப் பற்றியும் யோசிக்கிறேல்லை, புதுசா வந்ததைப் பற்றியும் யோசிக்கிறேல்லை. அந்த நேரத்தில யோசிக்கப்படுறது எங்கட கண் மட்டும்தான்.

வெள்ளைப்புள்ளி நோயை எடுப்பம். மீன் வளர்த்த எல்லாரும் கண்டிருப்பினம்: உடம்பில உப்புத் தூவினமாதிரிச் சின்னச் சின்னப் புள்ளி. அது ஒரு ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள்ள இருந்து வளர்ந்து, பிறகு கழன்று தொட்டியின் அடியில போய் ஒட்டி, ஒன்று பல நூறாகப் பிரிஞ்சு, திரும்ப மீனைத் தேடி நீந்தும். நீந்துகிற அந்தக் கட்டத்தில ஓரிரு நாளுக்குள்ள மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். மருந்து வேலை செய்யிறதும் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில மட்டும்தான். எங்கட வெக்கைக்கு இந்தச் சுற்று ஒரு கிழமைக்குள்ள முடிஞ்சு திரும்பவும் தொடங்கும். அதனால "நேற்றுப் பார்த்தேன், மீன் நல்லாத்தானே இருந்தது" எண்டு சொல்லுறதில பிரயோசனமில்லை. நேற்று அது தோலுக்குள்ள ஒளிஞ்சிருந்திருக்கும். நாலு கிழமை தனியாக வைக்கச் சொல்லுறது இதுக்குத்தான். ஒரு சுற்றைத் தவறவிட்டாலும் அடுத்த சுற்றில கண்ணில படும்.

இந்தத் தொட்டிக்குப் பெரிய செலவில்லை. சின்ன மீனுக்கு 40 லீற்றர் அளவு கண்ணாடித் தொட்டி போதும். அதுவும் இல்லையெண்டால் சாப்பாட்டுப் பொருள் வைக்கிற தரமான பெரிய பிளாஸ்ரிக் பெட்டியும் சரி. அடியில மணலோ கல்லோ போடக்கூடாது. கழிவும் மிச்சச் சாப்பாடும் வெளிப்படையாகத் தெரியவேணும், ஒவ்வொரு நாளும் குழாய் வைச்சு உறிஞ்சி எடுக்க ஏலவேணும். ஒளிஞ்சுகொள்ள ஒரு பி.வி.சி குழாய்த் துண்டு, இல்லாவிட்டால் சரிச்சு வைச்ச சின்ன மண்சட்டி. மேல மூடி கட்டாயம், பயந்த மீன் பாயும். வலை, குழாய், வாளி எல்லாம் இந்தத் தொட்டிக்கு எண்டு தனியாக இருக்கவேணும். ஒரே வலையை இரண்டு தொட்டிக்கும் பாவித்தால் தனிமைப்படுத்தினதில அர்த்தமே இல்லை.

பில்ற்றருக்கு ஒரு ஸ்பொஞ்சும் காற்றுப் பம்பும் காணும். ஆனால் அந்த ஸ்பொஞ்சை ஒரு மாதம் முன்னமே உங்கட பெரிய தொட்டிக்குள்ள போட்டு வைச்சிருங்கோ. மீனின் கழிவிலிருந்து வருகிற அமோனியாவை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாத்துகிற பற்றீரியா அதில குடியேறியிருக்கும். புத்தம்புது ஸ்பொஞ்சில அந்தப் பற்றீரியா இல்லை. அப்பிடியான தொட்டியில மீன் நோயால இல்லாமல் தன்ர கழிவாலேயே சாகும். குழாய்த் தண்ணி எண்டால் குளோரீனை நீக்கிப்போட்டுத்தான் நிரப்பவேணும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணியில குளோரீன் பிரச்சினை இல்லை, ஆனால் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணி வன்மையானது. கப்பிக்கும் மொலிக்கும் அது நல்லாப் பிடிக்கும். மென்தண்ணியில பழகிய மீனுக்கு அது இன்னொரு அலைச்சல்.

மீனை விடுகிற முறையும் முக்கியம். பையைக் கட்டவிழ்க்காமல் கால் மணித்தியாலம் தண்ணியில மிதக்க விடுங்கோ, வெப்பநிலை சமப்படும். பிறகு திறந்து, மீனை மட்டும் வலையால எடுத்து விடுங்கோ. கட்டின பைக்குள்ள மீன் விட்ட காபனீரொட்சைட்டு சேர்ந்து தண்ணி அமிலப் பக்கம் போயிருக்கும். அந்த நிலையில அமோனியா அவ்வளவு நஞ்சில்லாத வடிவத்தில இருக்கும். திறந்தவுடன காபனீரொட்சைட்டு வெளியேற, அமோனியா நஞ்சாக மாறத் தொடங்கும். திறந்த பைக்குள்ள மீனை நெடுநேரம் வைச்சிருக்காதேங்கோ. பைத் தண்ணியை எந்தத் தொட்டிக்குள்ளயும் ஊத்தாதேங்கோ.

இனி லைற். எனக்கு இதில ஒரு வலுவான கருத்து இருக்கு. தனிமைத் தொட்டியின் லைற்றைப் பார்த்தால், அந்த வீட்டில மீன் ஆருக்காக வளர்க்கப்படுது எண்டு சொல்லிவிடலாம்.

பெரும்பாலான மீனுக்கு இமை இல்லை. கண்ணை மூட ஏலாது. எங்களைப்போல வெளிச்சத்துக்கு ஏற்ப கண்மணியைச் சுருக்கவும் பெரும்பாலானவற்றுக்கு ஏலாது. இருட்டான பையில இருந்து வந்த மீனுக்கு மேல திடீரெண்டு வெள்ளை எல்.ஈ.டி அடிக்கிறது, நித்திரையில இருக்கிறவனின் முகத்துக்கு நேர ரோர்ச் அடிக்கிறதுமாதிரி. அதனால முதல் நாள் லைற்றே வேண்டாம். அறை வெளிச்சம் போதும். இரண்டாம் நாளிலிருந்து அறை லைற்றை முதல் போட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுத் தொட்டி லைற்றைப் போடுங்கோ. அணைக்கிறதும் அப்பிடித்தான், தொட்டி லைற் முதல், அறை லைற் பிறகு. மங்கலான சின்ன லைற் ஒன்று, ஒரு நாளுக்கு ஆறிலிருந்து எட்டு மணித்தியாலம். தொட்டியின் பின்பக்கத்துக்கும் இரண்டு பக்கத்துக்கும், அடிக்கும் கூடக் கறுத்தத் தாள் ஒட்டுங்கோ. வெறும் கண்ணாடி அடி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், மீன் வெளிறி ஒடுங்கும். யன்னல் வெயில் நேர விழுகிற இடத்தில வைக்காதேங்கோ. சின்னத் தொட்டி கெதியாச் சூடாகிவிடும்.

அப்ப நோயை எப்பிடிப் பார்க்கிறது எண்டு கேட்பியள். அதுக்குத்தான் ரோர்ச். காலமையும் பின்னேரமும் ஒரு நிமிசம், மேல இருந்து இல்லாமல் பக்கவாட்டில சரிச்சு அடிச்சுப் பாருங்கோ. மீனின் உடம்பில பொன்தூள் பூசினமாதிரி மினுங்கினால் அது வெல்வெற் நோய். முழு வெளிச்சத்தில தெரியாத அந்தத் தூள், இருண்ட அறையில சரிவான ஒளியில தெரியும். அந்த ஒட்டுண்ணியிட்ட பச்சையம் இருக்கு, வெளிச்சத்திலிருந்தும் அது கொஞ்சம் பிழைக்கும். அதனால அந்த நோய்க்கு மருந்தோட சேர்த்துத் தொட்டியை இருட்டாக்கச் சொல்லுவினம். இருட்டு மட்டும் மருந்தாகாது, ஆனால் மருந்துக்கு உதவும். தெற்றாசைக்கிளின் வகை அன்ரிபயோற்றிக்கும் மலக்கைற் பச்சையும் வெளிச்சத்தில சிதையக்கூடியவை. மருந்தை ஊத்திப்போட்டு மேல பளிச்செண்ட லைற்றைப் போட்டால் காசு வீண். என்ன நோயெண்டு தெரியாமல் பாமசிக் குளிசையை உடைச்சுத் தொட்டிக்குள்ள கொட்டுறதும் விசர் வேலை. அதில பற்றீரியா மருந்துக்குப் பழகிறதும், பில்ற்றரில இருக்கிற நல்ல பற்றீரியா சாகிறதும்தான் மிச்சம்.

"மங்கலில வைச்சால் மீனுக்கு நிறம் வராது" எண்டு சில பேர் வாதாடுவினம். அவைக்கு எங்கட நாட்டு மீனையே காட்டலாம். உலகம் முழுக்கத் தொட்டிகளில வளர்க்கிற செரி பார்ப், பிளக் ரூபி பார்ப் இரண்டும் இலங்கையின் தென்மேற்கு ஈரவலய ஓடைகளுக்கு மட்டுமே சொந்தமானவை. சிங்களத்தில லே தித்தையா, புலத் ஹபயா எண்டு சொல்லுவினம். மரநிழல் விழுந்து, இலை சருகு படிஞ்ச தண்ணியிலதான் அந்தச் சிவப்பும் கறுப்பும் உண்டானது. வெள்ளை லைற்றுக்குக் கீழ, வெறும் அடியில விட்டால் அதே மீன் வெளிறிப்போய் நிற்கும். கடைத்தொட்டி வெளிச்சம் விற்கிறதுக்கானது. அதை மீனின் தேவை எண்டு நாங்கள் படிச்சு வைச்சிருக்கிறம்.

இனி வழக்கமான மறுப்புகள். "போர்டிங்கில இன்னொரு தொட்டிக்கு இடமெங்க?" இந்தத் தொட்டி வருசம் முழுக்க இருக்கத் தேவையில்லை. வேலை முடிய உலர்த்தி, கட்டிலுக்குக் கீழ தள்ளிவிடலாம். ஸ்பொஞ்ச் திரும்பப் பெரிய தொட்டிக்குப் போகலாம், நோய் எதுவும் வராவிட்டால் மட்டும். "கரண்ட் போனால்?" 2022 இல ஒரு நாளில 13 மணித்தியாலம் இருட்டில இருந்த நாங்கள் கேட்கவேண்டிய கேள்விதான். பற்றரியில ஓடுகிற காற்றுப் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கோ. லைற் இல்லாமல் மீன் பல நாள் இருக்கும், காற்று நின்றால் மீனும் ஸ்பொஞ்சில இருக்கிற பற்றீரியாவும் தவிக்கும். "கடைக்காரர் தனியா வைச்சுத்தானே விற்கிறார்?" வைச்சாரா எண்டு கேளுங்கோ. எத்தனை நாள் எண்டும் கேளுங்கோ. பத்துப் பேர் கேட்டால் பதினொராவது ஆளுக்கு முதல் கடைக்காரர் யோசிக்கத் தொடங்குவார்.

தனிமைப்படுத்தல் எண்ட சொல்லுக்கு எங்களிட்ட ஒரு பழைய கசப்பு இருக்கு. மலையகத் தோட்டங்களுக்கு வந்த சனத்தை, கொலராவுக்கும் பெரியம்மைக்கும் பயந்து மண்டபம் முகாமில மறிச்சு வைச்ச வரலாறு அது. 2020 இல வீட்டுக் கேற்றில நோட்டீஸ் ஒட்டப்பட்டதையும் கண்டம். அந்த இரண்டிலும் உள்ள இருந்த ஆளை விட வெளியில இருந்த ஆக்களின் பயம்தான் பெரிசு. மீன் விசயத்திலயும் கன பேர் அப்பிடித்தான் சொல்லுவினம்: "பெரிய தொட்டியைக் காப்பாத்தத் தனியா வையுங்கோ." அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. உள்ள இருக்கிற மீனுக்கு ஆறுதலும், நல்ல தண்ணியும், ஒளிய இடமும், மங்கல் வெளிச்சமும் குடுத்தால்தான் அது பராமரிப்பு. இல்லாட்டி அது சும்மா சிறை. பெரிய தொட்டி நாங்கள் பார்க்கிறதுக்கு. வீட்டில முழுக்க முழுக்க மீனுக்காக மட்டும் இருக்கிற தொட்டி இந்த வடிவில்லாத தொட்டி ஒன்றுதான்.

இன்னொரு விசயத்தையும் சொல்லவேணும். தனிமைத் தொட்டித் தண்ணியைக் குளத்துக்கோ வாய்க்காலுக்கோ ஊத்தாதேங்கோ, மரத்தடி மண்ணில ஊத்துங்கோ. மருந்து போட்ட தண்ணியெண்டால் கிணற்றடிப் பக்கமே வேண்டாம். சலிச்சுப்போன மீனையும் குளத்தில விடாதேங்கோ. தொட்டி துப்பரவாக்க எண்டு வாங்கிற ராங்க் கிளீனரும், கத்தி மீனும் இண்டைக்கு இலங்கையின் ஆறு குளங்களில பெருகி நிற்கிறது இப்பிடியான இரக்கத்தாலும் கவலையீனத்தாலும்தான்.

மீன் வளர்க்கிறது பிழையெண்டு நான் சொல்ல வரேல்லை. படிப்புக்கும் வேலைக்கும் இடையில ஒரு தொட்டிக்கு முன்னால இருக்கிறது எவ்வளவு ஆறுதல் எண்டு வளர்க்கிறவைக்குத் தெரியும். ஆனால் அந்த ஆறுதலுக்கு மீன் விலை குடுக்கக்கூடாது. அடுத்தமுறை மீன் வாங்கப் போக முதல் ஸ்பொஞ்சை ஊறப்போடுங்கோ, பெட்டியைக் கழுவி வையுங்கோ, கறுத்தத் தாளை ஒட்டுங்கோ. இதெல்லாம் ஆயத்தமில்லையெண்டால் மீன் கடையிலேயே இருக்கட்டும். நாலு கிழமை பொறுக்க ஏலாத எங்களுக்கு, நாலு வருசம் உயிரோட இருக்கக்கூடிய ஒன்றை வாங்க உரிமை இருக்கெண்டு எனக்குத் தோன்றேல்லை.