மருந்துச்சீட்டில் எழுதப்படாத தொலைவு



‘அடுத்த மாதம் சென்னைக்குச் சென்று காட்டி வாருங்கள்’ என்று எழுதித் தர எங்களுக்கு அரை நிமிடம் போதும். அந்த ஒரு வரியை நிறைவேற்ற உங்களுக்கு ஒரு முழு நாளும், உடன் வருபவரின் ஒரு நாள் கூலியும் செலவாகின்றன. உத்திரமேரூருக்கு ரயில் பாதை இல்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், மதுராந்தகம் ஆகிய எந்த ரயில் நிலையத்திற்குச் செல்வதானாலும் முதலில் பேருந்து ஏற வேண்டும். அதனால்தான் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்திற்கும் இடையிலான கிளாம்பாக்கம் ரயில் நிலையத்தைப் பற்றி மருத்துவர்களாகிய நாங்களும் பேச வேண்டியிருக்கிறது.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. கோயம்பேடு வரை சென்றுகொண்டிருந்த தென்மாவட்டப் பேருந்துகள் பின்னர் அங்கேயே நிறுத்தப்பட்டன. முனையம் பெரிது, வசதியானது. ஆனால் திறக்கப்பட்டபோது அதை ஒட்டி ரயில் நிலையம் இல்லாததால், அங்கு இறங்குபவர் மீண்டும் ஒரு மாநகரப் பேருந்தையோ ஆட்டோவையோ தேட வேண்டியிருந்தது. உடல்நலம் உள்ளவருக்கு இது சிறு தொல்லை. நேற்றுத்தான் கீமோ ஏற்றிக்கொண்டவருக்கோ, மூட்டுவலியால் படியேற முடியாதவருக்கோ இது பெருந்துன்பம்.

செங்கல்பட்டிலேயே ரயில் ஏறலாமே என்று சிலர் கேட்கலாம். ஏறுகிறவர்கள் உண்டு; அது நல்ல வழியும்கூட. ஆனால் சிகிச்சை முடிந்து இருட்டிய பின் திரும்புகிறவர், ஊருக்குப் பேருந்து புறப்படும் இடத்திலேயே ரயிலை விட்டு இறங்க முடிந்தால் எவ்வளவு நிம்மதி!

இந்த ரயில் பாதையைச் சற்று எண்ணிப் பாருங்கள். செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. அடுத்து, 1928இல் டாக்டர் சவுரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையின் பெயரையே தாங்கி நிற்கும் தாம்பரம் சானடோரியம். கிண்டியில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை. எழும்பூரில் குழந்தைகள் நல மருத்துவமனையும் மகப்பேறு மருத்துவமனையும். பூங்கா நிலையத்தில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. ஏழைகளுக்கான உயர் சிகிச்சையில் பெரும்பகுதி இந்த ஒரே தடத்தில் இருக்கிறது. அத்தடத்தை அடையும் வாசல் எளிதாக இருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது எங்கள் கருத்து.

இதை நாங்கள் ஒரு பிழையின் வழியாகத்தான் உணர்ந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், காலில் ஆறாத புண்ணோடு வந்த சர்க்கரை நோயாளி ஒருவரைச் சென்னைக்கு அனுப்பினோம். காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை என்று சொன்னோம். பரிசோதனை முடிந்து சாப்பிடும்வரை சர்க்கரை மாத்திரையைப் போடக் கூடாது என்று சொல்லத் தவறினோம். அவர் மூன்று மணிக்கே எழுந்து, வழக்கம்போல மாத்திரையை விழுங்கிவிட்டுப் புறப்பட்டார். பாதி வழியில் வியர்த்துக் கொட்டியது; கை நடுங்கியது; பேச்சுக் குழறியது. நல்லவேளையாக நினைவு தப்பவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணி தந்த மிட்டாய்கள் அவரைக் காப்பாற்றின. அதன்பின் அவர் சென்னைக்குப் போக மறுத்துவிட்டார். எங்களிடம் மீண்டும் வந்தபோது இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று ஏட்டில் எழுதுவது எளிது. ஆனால் வழித்தொலைவைக் கணக்கில் கொள்ளாத குற்றம் எங்களுடையது.

இன்னொன்றையும் அடிக்கடி காண்கிறோம். இதயம் பலவீனமானவர்களுக்கு நீர் வெளியேற்றும் மாத்திரை தருகிறோம். பயண நாளில் கழிப்பறைக்கு எங்கே போவது என்று அஞ்சி, குறிப்பாகப் பெண்கள், அம்மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் மூச்சுத்திணறலோடு வருகிறார்கள். ரயில் நிலையத்தில் ஒரு தூய்மையான கழிப்பறை என்பது இவர்களுக்கு மருந்துக்கு நிகரானது.

ஆகவே, நடைமேடைகள் எழும்பிவிட்டால் நிலையம் முடிந்துவிட்டது என்று நாங்கள் கருதமாட்டோம். ரயில் நிலையத்தையும் முனையத்தையும் ஜி.எஸ்.டி. சாலைக்கு மேலாக இணைக்கும் நடைமேம்பாலத்தில், பழுதின்றி இயங்கும் மின்தூக்கி வேண்டும். சக்கர நாற்காலியும், அதைத் தள்ள ஆளும் வேண்டும். அமர்ந்து மூச்சு வாங்க இருக்கைகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உத்திரமேரூரிலிருந்து அதிகாலையில் நேராக அங்கு செல்லவும், இரவில் திரும்பவும் நம்பத்தகுந்த பேருந்து வேண்டும். அந்தப் பேருந்து இல்லையேல், எத்தனை அழகிய நிலையமும் நம் ஊராருக்கு எட்டாக்கனியே.

பிறரிடம் கேட்பவர்கள் தம் கடமையையும் செய்ய வேண்டும். வெளியூருக்கு அனுப்பும்போது, இயன்றவரை முற்பகல் பத்து மணிக்குப் பிந்திய நேரத்தைக் கேட்டு வாங்கித் தர முயல்வோம். மூன்று பரிசோதனைகளுக்கு மூன்று பயணம் என்றில்லாமல் ஒரே நாளில் முடிக்க ஏற்பாடு செய்வோம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. அதற்காக எவரையும் பட்டினியோடு வரச் சொல்லமாட்டோம்.

உங்களுக்கும் சில வேண்டுகோள்கள். புற்றுநோய், காசநோய், தலசீமியா, சிறுநீரக மாற்று, டயாலிசிஸ் போன்றவற்றுக்காகப் பயணம் செய்வோருக்கும், உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. அதற்குரிய படிவத்தில் மருத்துவரின் கையொப்பமும் முத்திரையும் தேவை. தயங்காமல் எங்களிடம் கேளுங்கள். சர்க்கரை நோயாளிகள் பயணத்தில் எப்போதும் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ வைத்திருங்கள். எந்த மாத்திரையையும் பயணத்திற்காக நிறுத்துமுன் எங்களைக் கேளுங்கள். நேரத்தை மாற்றித் தர முடியும்.

குடவோலைக் கல்வெட்டைக் காண உலகெங்கிலுமிருந்து நம் ஊருக்கு வருகிறார்கள். ஊர்ப் பொதுக்காரியத்தை ஊரார் கூடி முடிவு செய்த மரபு நம்முடையது. அடுத்த ஊர்க் கூட்டத்தில், நோயாளிகளுக்கு எந்த நேரத்தில், எந்த வழியில் பேருந்து தேவை என்பதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். வாரத்திற்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவரின் வீட்டாரைவிட அதை விளக்கிச் சொல்லத் தகுதியானவர் எவருமிலர். மருத்துவக் காரணங்களை விளக்கிக் கடிதம் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இனி மருந்துச்சீட்டு எழுதும்போது, ‘எப்படிப் போவீர்கள்?’ என்ற கேள்வியையும் கேட்போம். நாங்கள் கேட்க மறந்தால், நீங்கள் நினைவூட்டுங்கள்.